குழந்தைக்குத் தலை ஹெல்மெட் போட எந்தக் கிளினிக்குக்குப் போவது?

பிள்ளைக்கு மூன்று மாதம் ஆனபோது ஊரிலிருந்து டெக்சஸ் வந்த மாமியார், பாத் டப்பை ஓரமாகத் தள்ளிவிட்டு, காலை நீட்டி உட்கார்ந்து, பிள்ளையைக் காலில் போட்டுக் குளிப்பாட்டினார். தலைக்கு ஊற்றும்போதுதான், "ஏம்மா, பின்னந்தலை வலப்பக்கம் சப்பையா இருக்கே, நீ கவனிக்கலையா?" என்றார். கவனித்திருந்தேன். முடி வளர்ந்தால் தெரியாது என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டிருந்தேன், அவ்வளவுதான். அதற்குப் பிறகு குழந்தை டாக்டர், பிசியோ, சப்பைத் தலையைச் சரிசெய்ய ஹெல்மெட் போடும் மூன்று கிளினிக், இன்சூரன்ஸ் கம்பெனியோடு கணக்கில்லாத போன் என்று ஆறு மாதம் ஓடியது. அமெரிக்காவில் இருக்கும் நம்மவர்கள் வாட்ஸப்பில் மாதம் ஒருவராவது இதையே கேட்கிறார்கள், அதனால் மொத்தத்தையும் ஒரே இடத்தில் எழுதிவைக்கிறேன்.

முதலில், கிளினிக்குக்குப் போன் போடுவதற்கு முன்னால் செய்ய வேண்டியது. ஹெல்மெட் கிளினிக்கில் சென்று "என் குழந்தைக்கு ஹெல்மெட் வேண்டுமா?" என்று கேட்பது, பட்டுப்புடவைக் கடைக்குள் நுழைந்து "எனக்குப் புடவை வேண்டுமா?" என்று கேட்பது மாதிரி. அந்தக் கேள்விக்கு உங்கள் குழந்தை டாக்டர்தான் பதில் சொல்ல வேண்டும். அவர் பார்க்க வேண்டியதில் முக்கியமானது, மண்டையோட்டு எலும்புகளுக்கு நடுவிலுள்ள இணைப்புகள் எதுவும் நேரத்துக்கு முன்பே ஒட்டிக்கொண்டுவிட்டதா என்பது. கிரேனியோசினோஸ்டோசிஸ் என்பார்கள். அரிதானதுதான், ஆனால் அது இருந்தால் ஹெல்மெட் மட்டும் போட்டுச் சரிசெய்ய முடியாது, நியூரோ சர்ஜன் பார்க்க வேண்டும், பெரும்பாலும் அறுவை சிகிச்சைதான். தலையில் தடவும்போது வரப்பு மாதிரி மேடு தட்டினாலோ, உச்சிக்குழி சீக்கிரமே மூடிவிட்டது போலிருந்தாலோ, பிறந்த அன்றிலிருந்தே அந்த வடிவம் இருந்து நாளாக நாளாக மோசமானாலோ வாயைத் திறந்து கேளுங்கள். படுத்துப் படுத்துச் சப்பையான தலை வேறு மாதிரி இருக்கும். மேலிருந்து பார்த்தால் ஒரு பக்கம் அமுங்கி, அந்தப் பக்கத்துக் காதும் நெற்றியும் கொஞ்சம் முன்னால் தள்ளியிருக்கும்.

இரண்டாவது, கழுத்து. என் பிள்ளை எப்போதும் வலப்பக்கமே திரும்பிப் படுப்பான். அந்தப் பக்கம்தான் டிவி இருக்கிறது, அதனால்தான் என்று நினைத்திருந்தோம். பிசியோ பார்த்துவிட்டுச் சொன்னது, ஒரு பக்கத்துக் கழுத்துத் தசை இறுகியிருக்கிறது, டார்ட்டிகாலிஸ். இதைச் சரிசெய்யாமல் எத்தனை ஆயிரம் டாலருக்கு ஹெல்மெட் போட்டாலும் குழந்தை திரும்பவும் அதே பக்கம்தான் சாயும். ஹெல்மெட்டைப் பற்றிப் பேச ஆரம்பித்த முதல் ஐந்து நிமிடத்துக்குள் கழுத்தைப் பற்றிக் கேட்காத கிளினிக்கை என் பட்டியலிலிருந்து அடித்துவிட்டேன்.

மல்லாக்கப் படுக்கவைப்பதால்தானே இப்படி ஆகிறது, கவிழ்த்துப் போட்டுத் தூங்கவைக்கலாமா என்று கேட்பவர்களுக்கு: கூடாது. அமெரிக்கக் குழந்தை மருத்துவர்கள் சங்கம் 1992இல் குழந்தைகளைக் கவிழ்த்துப் போடாமல் தூங்கவைக்கச் சொன்ன பிறகு, தூக்கத்திலேயே குழந்தை இறந்துபோவது பெருமளவு குறைந்தது. சப்பைத் தலை கூடியதும் அதற்குப் பிறகுதான், ஆனால் அந்த விலை கொடுக்கத் தகுந்ததே. விழித்திருக்கும்போது, நீங்கள் பக்கத்தில் இருக்கும்போது, எவ்வளவு வேண்டுமானாலும் கவிழ்த்துப் போடுங்கள். அப்புறம் கடுகுத் தலையணை. மாமியார் பெட்டியில் அதையும் கொண்டுவந்திருந்தார், ஆசையாக அவரே தைத்தது. அமெரிக்க அரசின் உணவு, மருந்து கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. 2022இல் தலையைச் சரிசெய்யும் குழந்தைத் தலையணைகளே வேண்டாம், மூச்சுத்திணறல் ஆபத்து என்று எச்சரித்துவிட்டது. அதைச் சொல்லிப் புரியவைக்க எனக்கு இரண்டு நாள் ஆனது, இப்போது அது பூஜை அலமாரியில் விளக்குக்குப் பக்கத்தில் இருக்கிறது.

சரி, டாக்டரும் பிசியோவும் பார்த்தாயிற்று, இரண்டு மாதம் பக்கம் மாற்றிப் படுக்கவைத்தாயிற்று, இன்னும் சப்பை குறையவில்லை. இப்போதுதான் கிளினிக் தேடும் வேலை.

அதற்குள் போகும் முன் ஒரு சங்கதி. 2014இல் நெதர்லாந்தில் 84 குழந்தைகளை வைத்து நடந்த ஆய்வு ஒன்று பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் வந்தது. ஹெல்மெட் போட்டவர்களில் 26 சதவீதமும் போடாமல் விட்டவர்களில் 23 சதவீதமும் இரண்டு வயதில் முழுதாகச் சரியாகியிருந்தார்கள், அதாவது சொல்லிக்கொள்ளும்படி வித்தியாசம் இல்லை. கூகுளில் தேடினால் முதலில் இதுதான் கண்ணில் படும், என் கணவரும் இரவு ஒரு மணிக்கு இதைத்தான் எனக்கு அனுப்பினார். ஆனால் அதே ஆய்வைக் கொஞ்சம் கீழே வரை படித்தால், அந்தக் குழந்தைகளில் பெரும்பாலோருக்கு ஹெல்மெட் சரியாகப் பொருந்தவில்லை, நழுவியது, சுழன்றது என்று பெற்றோர் சொல்லியிருப்பது தெரியும். இன்னொரு பக்கம், அமெரிக்க நரம்பியல் அறுவை மருத்துவர்களின் காங்கிரஸ் என்ற அமைப்பு 2016இல் வெளியிட்ட வழிகாட்டுதல், நடுத்தரமும் அதற்கு மேலும் உள்ள சப்பை, மற்ற முயற்சிகளுக்குப் பிறகும் குறையாவிட்டால் ஹெல்மெட் போடலாம் என்கிறது. இரண்டையும் சேர்த்துப் படித்தபோது எனக்குப் பட்டது இதுதான்: பொருந்தாத ஹெல்மெட் வெறும் தொப்பி. நாம் காசு கொடுப்பது அந்தப் பிளாஸ்டிக்குக்கு இல்லை, அதை வாராவாரம் சரிபார்த்துச் செதுக்கிக் கொடுக்கும் ஆளுக்கு. கிளினிக் தேர்வு என்பது அந்த ஆளைத் தேர்வு செய்வதுதான்.

ஏன் செதுக்க வேண்டும் என்றால், ஹெல்மெட் தலையை அமுக்குவதில்லை. மேடான இடத்தில் லேசாகத் தொட்டுக்கொண்டும், சப்பையான இடத்தில் இடம் விட்டும் இருக்கும். தலை தானாக வளரும்போது இடம் இருக்கும் பக்கம் போய் நிரம்பும், புடலம்பிஞ்சுக்குக் கல் கட்டுவது போல இல்லை, பந்தலில் இடம் விட்டுக் கொடியைத் திருப்புவது போல. உள்ளே மெத்தை மாதிரி ஃபோம் இருக்கும், தலை வளர வளர அதைத் தேவையான இடத்தில் மட்டும் சீவிவிட வேண்டும். குழந்தையின் தலைச் சுற்றளவு முதல் மூன்று மாதம் மாதத்துக்குச் சுமார் 2 செ.மீ., அடுத்த மூன்று மாதம் 1 செ.மீ., ஆறு மாதத்துக்கு மேல் அரை செ.மீ. என்றுதான் கூடும். வளர்ச்சிதான் இங்கே மருந்து என்பதால், நாலு முதல் ஆறு மாதத்துக்குள் ஆரம்பித்தால் சீக்கிரம் முடியும், பத்து மாதத்தில் ஆரம்பித்தால் இழுக்கும். எஃப்.டி.ஏ. அனுமதி 3 முதல் 18 மாதக் குழந்தைகளுக்குத்தான். ஆகவே ஆற அமர ஆறு கிளினிக் பார்க்க நேரம் கிடையாது, இரண்டு வாரத்துக்குள் இரண்டு மூன்று இடம் பார்த்து முடிவு எடுங்கள்.

போனில் கேட்க வேண்டிய முதல் கேள்வி: "என் குழந்தைக்கு ஹெல்மெட் பொருத்துவது யார், ஒவ்வொரு முறையும் அதே ஆள்தானா?" எங்களுக்கு மூன்று கிளினிக்கில் மூன்று விதமான பதில் வந்தது. ஒரு இடத்தில், "எங்கள் டீம் பார்த்துக்கொள்ளும்" என்றார்கள். டீம் என்றால் யார் என்று கேட்டதற்கு மறுபடியும் டீம் என்றார்கள். சான்று பெற்ற ஆர்த்தோடிஸ்ட் யார், அவர் வாரத்தில் எத்தனை தலை ஹெல்மெட் பொருத்துகிறார் என்று நேராகக் கேளுங்கள். ஆர்த்தோடிஸ்ட் என்றால் கால் கைக்குப் பிரேஸ், முதுகுக்குப் பெல்ட் எல்லாம் செய்பவர்தான். நாள் முழுக்கப் பெரியவர்களுக்கு முழங்கால் பிரேஸ் போட்டுவிட்டு மாதத்தில் ஒரே ஒரு குழந்தைத் தலை பார்ப்பவரிடம் போவதற்கும், அதையே பிழைப்பாக வைத்திருப்பவரிடம் போவதற்கும் வித்தியாசம் இருக்கிறது. டெக்சஸ் மாதிரிச் சில மாநிலங்களில் இவர்களுக்கு மாநில லைசென்ஸ் உண்டு, இணையத்தில் பெயரைப் போட்டே பார்த்துவிடலாம், ஐந்து நிமிட வேலை.

இரண்டாவது, தூரம். இதைப் பெரும்பாலோர் கணக்கில் எடுப்பதில்லை. ஒன்று முதல் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை போக வேண்டும், அது போகச் சிவந்துவிட்டது, நழுவுகிறது என்று திடீரென்றும் போக வேண்டியிருக்கும். எங்களுக்குப் பிடித்த கிளினிக் ஒன்று 50 மைல் தள்ளி. டல்லாஸ் டிராஃபிக்கில் பின் சீட்டில் ஹெல்மெட்டோடு கத்தும் குழந்தை, முன் சீட்டில் ஆபீஸ் மீட்டிங்கை மியூட்டில் போட்டபடி நான் என்று ஒருமுறை யோசித்துப் பார்த்தேன், வேண்டாம் என்று விட்டுவிட்டேன். நம்மால் போகவே முடியாத நல்ல கிளினிக்கைவிட 15 நிமிடத்தில் போகக்கூடிய சுமாரான கிளினிக் மேல் என்பது என் கட்சி. மாலை 5 மணிக்கு மேலோ சனிக்கிழமையோ திறந்திருப்பார்களா, இன்று சிவந்தால் நாளைக்கே பார்ப்பார்களா, செதுக்கும் மெஷின் அங்கேயே இருக்கிறதா அல்லது எங்கேயாவது அனுப்பி வாங்குவார்களா, இதையும் கேளுங்கள்.

நாங்கள் கடைசியில் தேர்ந்தெடுத்த ஆர்த்தோடிஸ்டை ஏன் பிடித்தது என்று சொல்கிறேன். முதல் நாளே அவர் குழந்தையைத் தரையில் பாயில் விட்டு, தலையைத் தொடாமல் பத்து நிமிடம் விளையாடவிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார். எந்தப் பக்கம் திரும்புகிறான், எந்தக் கையை ஊன்றுகிறான் என்று. அப்புறம் தலைக்கு மெல்லிய நூல் தொப்பி மாட்டி ஸ்கேன் எடுத்தார், சில வினாடி வேலை, முன்பெல்லாம் இதற்கு மாவுக்கட்டு மாதிரி அச்சு எடுப்பார்கள். ஸ்கேன் படத்தைத் திரையில் தலைக்கு மேலிருந்து பார்க்கிற மாதிரித் திருப்பிக் காட்டி, எண்ணைச் சொன்னார்: சி.வி.ஏ.ஐ. 9.1. இது தலையின் குறுக்கு மூலைவிட்ட அளவுகள் இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தைச் சதவீதமாகச் சொல்வது. அட்லாண்டா குழந்தைகள் மருத்துவமனை வகுத்த அளவுகோலில் 3.5க்குக் கீழே இயல்பு, 6.25 வரை லேசு, 8.75 வரை நடுத்தரம், 11 வரை கடுமை, அதற்கு மேல் மிகக் கடுமை. பின்னந்தலை முழுவதும் அகலமாகச் சப்பையாக இருந்தால் அகலத்தையும் நீளத்தையும் ஒப்பிடும் வேறு எண் வரும். எந்த எண்ணாக இருந்தாலும் எழுதி வாங்குங்கள். எண்ணைச் சொல்லாமல், "நல்ல சப்பைதான், சீக்கிரம் ஆரம்பிக்கலாம்" என்று மட்டும் சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள்.

நாங்கள் அப்படி எழுந்து வந்தோம். முதலில் போன இடத்தில் ஸ்கேன் இலவசம். ஸ்கேன் எடுத்தவர் போய்விட்டார், கையில் டேப்லெட்டோடு வேறொருவர் வந்து உட்கார்ந்தார். தாடை கோணிவிடும், கண்ணாடி மாட்டினால் சாயும், பள்ளியில் கேலி செய்வார்கள் என்று அடுக்கினார், கடைசியில் இன்றைக்கே கையெழுத்துப் போட்டால் 300 டாலர் குறைப்போம் என்றார். இரவெல்லாம் தூங்காத அம்மாவிடம் இதைச் சொன்னால் அவள் கையெழுத்துப் போடத்தான் செய்வாள், எனக்கும் பேனா கைக்கு வந்துவிட்டது. மடியில் இருந்த பிள்ளை அந்த நேரம் பார்த்து டேப்லெட் மேல் பாலைக் கக்கினான். அவர் துடைக்கப் போன இடைவெளியில் என் கணவர், "வீட்டுக்குப் போய்ப் பேசிக்கலாம்" என்றார். லேசான சப்பைக்கு ஹெல்மெட் தேவையில்லை, பக்கம் மாற்றிப் படுக்கவைத்தாலே போதும் என்று ஒருவரையாவது திருப்பி அனுப்பியிருக்கிறீர்களா என்று கிளினிக்கில் கேட்டுப் பாருங்கள். நாங்கள் தேர்ந்தெடுத்தவர் அதற்குச் சிரித்துக்கொண்டே, "நேற்றுகூட" என்றார்.

பிராண்டைப் பற்றி எல்லோரும் கேட்கிறார்கள், அதனால் சொல்கிறேன். டாக் பேண்ட் என்பது கிரேனியல் டெக்னாலஜீஸ் என்ற நிறுவனம் தானே செய்து தன் கிளினிக்குகளிலேயே பொருத்துவது. ஸ்டார்பேண்டை ஆர்த்தோமெரிக்கா செய்கிறது, நாடு முழுக்கப் பல கிளினிக்குகள் பொருத்துகின்றன. இப்போது 3டி பிரிண்ட்டில் வருவதும் உண்டு. எதுவானாலும் விற்பதற்கு எஃப்.டி.ஏ. தரும் 510(கே) அனுமதி இருக்க வேண்டும், டாக்டர் சீட்டு வேண்டும். இதைத் தாண்டி எது உசத்தி என்று தேடி நேரத்தை வீணாக்காதீர்கள். ஒரே ஒரு விஷயத்தில் பிராண்ட் முக்கியம்: நடுவில் ஊர் மாற வாய்ப்பு இருந்தால். கணவருக்கு புராஜெக்ட் முடிகிறது, சியாட்டிலா சிகாகோவா தெரியாது என்ற நிலையில் இருப்பவர்கள், அந்த ஊரில் அதே கிளினிக்கின் கிளை இருக்கிறதா, அங்கே மறுபடி காசு கட்டாமல் தொடர முடியுமா என்று முதலிலேயே கேட்டுவிடுங்கள்.

இனி காசு. இன்சூரன்ஸ் இல்லாமல் பொதுவாக 1,500 முதல் 4,000 டாலர் வரை கேட்கிறார்கள். பில்லில் எஸ்1040 என்ற குறியீடு இருக்கும், அதிலேயே ஹெல்மெட், பொருத்துவது, பிறகு வரும் எல்லாச் சரிசெய்தலும் அடக்கம். இதில்தான் சூட்சுமம். மொத்தப் பணமும் முதலிலேயே கிளினிக்குக்குப் போய்விடுகிறது. நீங்கள் பத்து முறை போனாலும் நாலு முறை போனாலும் அவர்களுக்கு வரவு ஒன்றுதான். அதனால் எத்தனை விசிட், எவ்வளவு இடைவெளியில், குழந்தை வளர்ந்து இரண்டாவது ஹெல்மெட் தேவைப்பட்டால் என்ன விலை, இதையெல்லாம் இமெயிலில் வாங்கிவையுங்கள். போனில் சொன்னது போனோடு போகும்.

இன்சூரன்ஸ் கம்பெனிகளில் பல, இரண்டு மாதமாவது பக்கம் மாற்றிப் படுக்கவைத்தும் பிசியோ செய்தும் பலனில்லை என்பதற்கு ஆதாரம் கேட்கும். அதனால் முதல் நாளிலிருந்தே டாக்டர் குறிப்பில் அது ஏறியிருக்க வேண்டும். நாங்கள் இதில் கோட்டைவிட்டோம். பிசியோ குறிப்பு ஐந்து வாரத்துக்குத்தான் இருந்தது, முதல் முறை நிராகரித்துவிட்டார்கள். டாக்டரிடம் கடிதம் வாங்கி, ஆரம்பத்து ஸ்கேன் எண்ணையும் புது எண்ணையும் போட்டு மேல்முறையீடு செய்தபிறகுதான் கிடைத்தது. இதில் கிளினிக்கின் பில்லிங் ஆள் எப்படி என்பது ஆர்த்தோடிஸ்ட் எப்படி என்பதற்கு அடுத்தபடி முக்கியம். முன் அனுமதியை அவர்களே வாங்கித் தருவார்களா, நிராகரித்தால் மேல்முறையீட்டுக்கு உதவுவார்களா என்று கேளுங்கள். "எல்லா இன்சூரன்ஸும் எடுத்துக்கொள்வோம்" என்பதும் "உங்கள் பிளானில் நாங்கள் இன்-நெட்வொர்க்", அதாவது உங்கள் இன்சூரன்ஸோடு ஒப்பந்தம் உள்ளவர்கள் என்பதும் ஒன்றில்லை. டிடக்டிபிள், அதாவது இன்சூரன்ஸ் கொடுக்க ஆரம்பிக்கும் முன் நாமே கட்ட வேண்டிய தொகை, இன்னும் பாக்கி இருந்தால் இன்சூரன்ஸ் விலையைவிட, இன்சூரன்ஸ் இல்லாமல் நாமே நேராகக் கொடுக்கும் விலை குறைவாக இருக்கக்கூடும், இரண்டையும் கேட்டுவிட்டு முடிவு செய்யுங்கள். மருத்துவச் செலவுக்கென்று வரியில்லாமல் ஒதுக்கிவைக்கும் எச்.எஸ்.ஏ., எஃப்.எஸ்.ஏ. பணத்தைப் பயன்படுத்தலாம்.

நம் வீடுகளுக்கே உரிய இரண்டு மூன்று விஷயங்களை எந்தக் கிளினிக்கும் தானாகச் சொல்லாது. ஒன்று, ஊருக்குப் போவது. குலதெய்வம் கோயிலில் மொட்டை, காது குத்து என்று ஆறு வாரத்துக்கு டிக்கெட் போட்டுவைத்திருப்பார்கள். நாளுக்கு 23 மணி நேரம் போட வேண்டிய ஹெல்மெட்டை, செதுக்கிவிட ஆளில்லாமல் ஆறு வாரம் போட்டால் வளரும் தலைக்கு அது தடையாகிவிடும், கழற்றி வைத்தால் அத்தனையும் வீண். தேதியை முதல் நாளே ஆர்த்தோடிஸ்டிடம் சொல்லிவிடுங்கள். நாங்கள் மொட்டையை முதல் பிறந்தநாளுக்குத் தள்ளிவைத்தோம், மாமனாருக்கு வருத்தம்தான். இரண்டு, எண்ணெய். ஹெல்மெட் போடும் காலத்தில் தலைக்கு எண்ணெய் கூடாது, ஃபோமில் ஊறி வழுக்கும், தோலும் புண்ணாகும். மூன்று, வெயில். தலை வியர்த்து, அந்த வியர்வை ஃபோமில் இறங்கி, மூன்றாம் நாள் ஒரு நாற்றம் வரும் பாருங்கள், வெளியே மறந்து வைத்த தோசை மாவு மாதிரி. கழற்றும் அந்த ஒரு மணி நேரத்தில் ரப்பிங் ஆல்கஹால் தொட்டுத் துடைத்து நன்றாகக் காயவைத்துத்தான் மாட்ட வேண்டும். எதைக்கொண்டு துடைப்பது என்று உங்கள் கிளினிக்கில் கேட்டுக்கொள்ளுங்கள்.

ஹெல்மெட் கைக்கு வந்த முதல் இரண்டு வாரம் கிளினிக்குக்குத்தான் பரீட்சை. முதல் நாளே 23 மணி நேரம் போடச் சொல்ல மாட்டார்கள், ஒரு மணி நேரம் போடு, ஒரு மணி நேரம் கழற்று என்று படிப்படியாக ஏற்றும் அட்டவணையைக் கையில் தருவார்கள், தராவிட்டால் கேட்டு வாங்குங்கள். கழற்றியதும் சிவப்புத் தடம் இருப்பது சகஜம், ஒரு மணி நேரத்தில் மறைந்துவிட வேண்டும். மறையாவிட்டால், கொப்புளித்தால், ஹெல்மெட் கண்மேல் வந்து விழுந்தால், கையால் சுற்றினால் முழுதாகச் சுழன்றால் கழற்றிவைத்துவிட்டுப் போன் செய்யுங்கள். காய்ச்சல் வந்தாலும் இதேபோல் கழற்றிவிடுங்கள். எங்களுக்கு நாலாம் நாள் காதுக்கு மேலே ஒரு இடம் சிவந்தது. போட்டோ அனுப்பினேன், மறுநாள் காலை எட்டு மணிக்கே வரச் சொன்னார். சிவந்த இடத்தில் லிப்ஸ்டிக்கைத் தடவி, ஹெல்மெட்டை மாட்டிக் கழற்றி, உள்ளே ஃபோமில் எங்கே ஒட்டியிருக்கிறது என்று பார்த்து, பின்னறைக்குக் கொண்டுபோய் அந்த இடத்தை மட்டும் சீவிக் கொண்டுவந்தார். மொத்தம் இருபது நிமிடம். அதே கேள்விக்கு உங்கள் கிளினிக், "அடுத்த அப்பாயின்ட்மென்ட் பன்னிரண்டாம் தேதி, அப்போது பார்க்கலாம்" என்றால், குழந்தை டாக்டரை நடுவில் இழுங்கள், இமெயிலில் எழுதி வாங்கியதை எடுத்துக் காட்டுங்கள்.

நடுவில் ஒருமுறையும் முடிவில் ஒருமுறையும் புது ஸ்கேன் எடுத்து எண்ணைக் காட்ட வேண்டும். எங்களுக்கு 13 வாரத்தில் 9.1 என்பது 4.2 ஆனது. 3.5க்குக் கீழே போகும் வரை இன்னும் ஒரு மாதம் போடலாமா என்று நான்தான் கேட்டேன், அவர் வேண்டாம் என்றார், இனி வளர்ச்சி மெதுவாகிவிடும், மிச்சத்தை முடி பார்த்துக்கொள்ளும் என்று. கழற்றிய அன்று மாமியார் வீடியோ காலில் பிள்ளையின் தலையைத் திருப்பித் திருப்பிக் காட்டச் சொன்னார், காட்டினேன். "சரி, இப்பவாவது எண்ணெய் வைக்கலாமில்ல?" என்றார்.